பிலோமினா அக்கா காத்திருந்த எட்டு நாள்

பிலோமினா அக்கா இறந்துபோன செய்தி எனக்குப் பால் நிறுக்கும் கொட்டகையில் வந்தது. ரப்பர் பால் வாளியை இறக்கி வைத்துவிட்டு வரிசையில் நின்றிருந்தேன். பக்கத்து லயத்து வரிசை வீட்டில் இருக்கும் செல்லம்மா படியேறி வந்து, என் முகத்தைப் பார்க்காமல் வாளியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஆஸ்பத்திரியில இருந்து போன் வந்துச்சு மேரி. அக்கா போயிட்டாங்க." காலை பத்தரை மணி இருக்கும். பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் அவிசாவளை ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று விடியுமுன்னே கஞ்சி ஆக்கி வைத்திருந்தேன். அழுகை வரவில்லை. வரிசை நகர்ந்தது, நானும் நகர்ந்தேன். பால் நிறுத்து முடிந்த பிறகுதான் கீழே உட்கார்ந்தேன்.

தெஹியோவிட்டப் பக்கத்து ரப்பர் மலையில் அக்காவும் நானும் இருபத்திரண்டு வருஷம் பக்கத்துப் பக்கத்துத் துண்டு நிலத்தில் பால் வெட்டினோம். முப்பத்தோராம் நாள் பூசைக்கு வாசிக்க நாலு வரி எழுதித் தரும்படி கோயில் மாதர் சங்கத்தில் கேட்டார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு வரியில் சொல்லத் தெரியவில்லை, அதனால் நீண்டுவிட்டது.

அடக்கத்துக்கு முந்தின நாள் நீங்களெல்லாம் அக்கா வீட்டில் நிறைந்திருந்தீர்கள். அக்காவின் ஒரே மகள் ரெஜினா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். லீவு கிடைக்கவில்லை. அம்மாவின் முகத்தைப் போனில்தான் பார்த்தாள். செல்லம்மா போனைப் பிடித்துக்கொண்டு, "அழாத ரெஜினா. அம்மா ஒரு கஷ்டமும் படல. மேரி பக்கத்துலயே இருந்து கையப் புடிச்சிக்கிட்டிருந்தா. செபம் சொல்லச் சொல்ல தூங்குற மாதிரி போயிட்டாங்க" என்றாள். சொல்லிவிட்டுப் போனை என்னிடம் தந்தாள்.

"சித்தி, நீங்கதான் கையப் புடிச்சிருந்தீங்களா?" என்று ரெஜினா கேட்டாள்.

செல்லம்மா எனக்குக் கண் காட்டினாள். ஆமாம் என்று ஒரு வார்த்தைதான். அதைச் சொல்ல எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

"இல்ல ரெஜினா. முந்தின நாள் பின்னேரம் வரைக்கும் இருந்தேன். அப்ப கையப் புடிச்சிருந்தேன். காலையில நான் மலையில நின்னேன். கடைசியில நர்ஸ்மாருதான் பக்கத்துல இருந்தாங்க."

கொஞ்ச நேரத்தில் போன் நின்றுவிட்டது.

"நல்ல பொம்பள நீ. சாவு வீட்டுல ஒரு வார்த்த மாத்திச் சொல்ல வாய் வரலியே" என்று செல்லம்மா திட்டினாள். "அக்காகூடச் சேந்து அக்கா மாதிரியே ஆயிட்டா" என்றாள் இன்னொருத்தி. அன்று திட்டியவர்களில் பலர் இன்றைக்கும் இங்கே இருக்கிறீர்கள். உங்களோடு சண்டைக்கு வரவில்லை, சண்டை போடும் தெம்பும் எனக்கில்லை. ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை மட்டும் எழுதுகிறேன். அதை எழுதினாலே அக்காவைப் பற்றி எழுதியதாகிவிடும்.

அக்காவைப் பற்றி நல்லதையே சொல்ல வேண்டும் என்று நினைத்தால் அதுவும் ஒரு பொய்தான். அவருக்கு வாய் நீளம். தண்ணீர்ப் பீலியில் யாராவது வரிசை தாண்டிக் குடம் வைத்தால் குடத்தைக் காலால் தள்ளிவிடுவார். கோயிலில் எல்லோருக்கும் அரை வரி முந்திப் பாடுவார். உபதேசியார் ஒருநாள், "அம்மா, மோட்சத்துக்கு எல்லாரும் சேந்து போவோமே, ஏன் அவசரம்?" என்று கேட்டே விட்டார். "நீங்க இழுக்குறீங்க ஐயா, நான் சரியாத்தான் பாடுறேன்" என்றார் அக்கா. அது உண்மையில்லை, ஆனால் அவர் உண்மை என்றே நம்பினார்.

மற்றபடி பொய் அவர் வாயில் வராது. வராது என்பதற்காக எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறவரும் இல்லை. ஒருமுறை ருவான்வெல்லையில் இருந்து பெண் வீட்டார் நம் லயத்துப் பையன் ஒருவனைப் பற்றி விசாரிக்க வந்தார்கள். இப்படி விசாரிக்க வந்தால் "தங்கமான புள்ள" என்று சொல்லித் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்புவதுதான் நம் வழக்கம். அக்காவிடம் வந்து, "பையன் குடிப்பானாங்க?" என்று கேட்டார்கள். "அந்தா அவன் அம்மா துணி காயப் போடுறா. கூப்புடுறேன். அவ முன்னால கேளுங்க, அவ முன்னாலயே சொல்றேன்" என்றார் அக்கா. வந்தவர்கள் வேண்டாம் என்று எழுந்துவிட்டார்கள். "காப்பாத்துனீங்களா கெடுத்தீங்களா அக்கா?" என்று நான் சிரித்தேன். "பொய்யும் சொல்லல, பொறணியும் பேசல. ரெண்டுமே எட்டாம் கட்டளையிலதான் வருதுன்னு பூசைக்கு வர்ற சாமி சொல்லியிருக்காரு" என்றார். அப்போது எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

இனி சாந்தி விஷயத்துக்கு வருகிறேன். உங்களில் பலருக்குப் பாதிதான் தெரியும்.

விடியக்காலை வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் சுப்பையா கங்காணி பேர் வாசிப்பார். அந்த நேரம் ஆள் முகம் தெரியாது. யாராவது வரப் பிந்தினால் பக்கத்தில் நிற்கிறவள் அவளுக்கும் சேர்த்து "இருக்கேன்" என்று குரல் கொடுப்பாள். பேர் விழாவிட்டால் அன்றைய நாள் சம்பளமே போய்விடும் அல்லவா. எல்லோரும் எல்லோருக்கும் செய்தோம். பிள்ளைக்குக் காய்ச்சல், அடுப்பில் விறகு ஈரம், ஏதோ ஒன்று. நாங்கள் அதை உதவி என்றுதான் நினைத்தோம். அக்கா மட்டும் செய்யமாட்டார். கங்காணியிடம் நேரே போய், "அவ பீலியில நிக்கிறா அண்ணே, அஞ்சு நிமிஷம் பொறுங்க" என்பார். கங்காணி முணுமுணுத்துக்கொண்டே பொறுப்பார். "அண்ணன் பொறுக்காத நாள்ல என்ன பண்ணுவீங்க?" என்று ஒருத்தி கேட்டதற்கு, "அன்னைக்கு அவ பேரு போகும். நான் என்ன தேவமாதாவா?" என்றார்.

சாந்தி அப்போது ஐந்து மாதம் முழுகாமல் இருந்தாள். கல்யாணம் முடித்து இந்தத் தோட்டத்துக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. புருஷன் கொழும்பில் கடையில் வேலை. முந்தின நாளே தலை சுற்றுகிறது என்று என்னிடம் சொல்லியிருந்தாள். அன்று பெரட்டில் அவளைக் காணவில்லை. படுத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். கங்காணி "சாந்தி" என்று வாசித்ததும், "இருக்கேன்" என்று நான் சொன்னேன். அக்கா என் பக்கத்தில் நின்றிருந்தார். திரும்பி என்னைப் பார்த்தார்.

அதோடு விட்டிருக்கலாம். பால் வெட்டும்போது அவரவர் துண்டில் தனித்தனியாக நிற்போம். ஒருத்திக்குப் பாம்பு கடித்தாலும் மற்றவளுக்குத் தெரியாது. அதனால்தான் பெரட்டில் பேர் கொடுத்த ஆள் பத்தரை மணிக்குப் பால் கொண்டுவராவிட்டால் கங்காணி புத்தகத்தை மூடமாட்டார். இரண்டு ஆம்பிளைகளை அவள் துண்டுக்கு அனுப்பித் தேடிவிட்டுத்தான் மூடுவார். இது எனக்குத் தெரியும். தெரிந்தும், பேரைக் கொடுத்துவிட்டோமே, பால் இல்லாவிட்டால் குட்டு வெளிப்படுமே என்று என் பாலில் பாதியை வேறு வாளியில் ஊற்றினேன். கங்காணி "சாந்தி" என்று கூப்பிட்டபோது அந்த வாளியை முன்னால் வைத்து, "அவளுக்குத் தலை சுத்துதுங்க, நான் தூக்கியாந்தேன்" என்றேன். அவர் நிறுத்துக்கொண்டார். யாரும் தேடப் போகவில்லை.

சாந்தி வீட்டில் படுத்திருக்கவில்லை. பிந்திவிட்டோமே என்று ஓடைப் பக்கத்துக் குறுக்குப் பாதையால் மலைக்கு இறங்கியிருக்கிறாள். மழைக்கு மண் வழுக்கி, பாறைக்குக் கீழே விழுந்து கிடந்தாள். மாமியார் அவள் வேலைக்குப் போயிருக்கிறாள் என்று நினைத்தாள். நாங்கள் வீட்டில் இருக்கிறாள் என்று நினைத்தோம். பின்னேரம் மூன்று மணிக்கு வாளி கழுவ ஓடைக்கு இறங்கிய அக்காதான் அவளைக் கண்டார். அக்கா போட்ட கூச்சல் லயம் வரைக்கும் கேட்டது. இரண்டு கம்பில் சாக்கைக் கட்டி ரோட்டுக்குத் தூக்கிவந்து, முச்சக்கர வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். உயிர் தப்பியது. வலது கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. பிள்ளை தங்கவில்லை.

தோட்டத்தில் விசாரணை வந்தது. சாந்தியின் மரங்களில் அன்றைய வெட்டு இல்லை. ஆனால் பெரட்டில் பேர் இருக்கிறது, பாலும் இருக்கிறது. இது சம்பளத்தை அடிக்கச் சுப்பையா கங்காணி போட்ட கள்ளப்பேர் என்று ஆபீஸில் முடிவெடுத்தார்கள். "யாரோ குரல் குடுத்தாங்க, மேரி பால் கொண்டாந்தா" என்று அவர் சொன்னார். என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "நான் என் பாலை மட்டுந்தான் கொண்டாந்தேன்" என்றேன். இவ்வளவுதான் நான் சொன்னது. எனக்கு இரண்டு பிள்ளைகள், புருஷன் இல்லை, வேலை போனால் தோட்டம் தந்த இந்தக் காம்பரா வீடும் போகும் என்று பயந்தேன். அந்த ஒரு வரியால் முப்பது வருஷம் வேலை செய்த மனிதர் திருடனாகிவிட்டார் என்பது ஆபீஸ் படி இறங்கும்போதே எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்தபோது அக்கா வாசலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"திங்கக்கிழம என்னயும் கூப்புட்டிருக்காங்க மேரி."

"என்ன சொல்லப் போறீங்க?"

"கேட்டா பொய் சொல்லமாட்டேன்."

"தெரியாதுன்னு சொல்லுங்க அக்கா. அது பொய்யா? இருட்டுல யாரு குரல்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே."

நான் காலைப் பிடித்தேன். அதற்கு மசியவில்லை என்றதும் வாய்க்கு வந்ததைப் பேசினேன். உங்க மக குவைத்துல சம்பாதிக்கிறா, உங்களுக்கு என்ன, நீங்க பெரிய மகாத்துமா என்றெல்லாம் கத்தினேன். பக்கத்துக் காம்பராக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அக்கா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து மெதுவாகச் சொன்னார். "பொய் எல்லாமே பாவந்தான். ஆனா பொய்ச்சாட்சி வேற மாதிரி. அதுல நடுவுல ஒரு ஆள் நிக்கிறான். நீ சொல்லிட்டு வீட்டுக்கு வந்திடுவ. அவன் அங்கயே நிப்பான்."

திங்கட்கிழமை நான் ஆபீஸ் விறாந்தையில் நின்றேன். கதவு திறந்திருந்தது. தோட்டத்தை நடத்தும் தொரை சிங்களவர், "கவுத கிவ்வே?" என்று அக்காவிடம் கேட்டார். யார் பேர் சொன்னது என்று. அக்கா சிங்களத்திலேயே, "மம தன்னவா. ஹெபெய் மம கியன்னே நே" என்றார். எனக்குத் தெரியும், ஆனால் சொல்லமாட்டேன் என்று. பிறகு தமிழில் நிதானமாகச் சொன்னார். "கங்காணி அண்ணன் கள்ளப்பேர் போடல. குரல் வந்துச்சு, என் காதால கேட்டேன். நான் குடுக்கல. குடுத்த ஆள் வந்து சொல்லும். அது வாயால சொல்றதுக்கு அதுக்கு வழி விடுங்க."

சொல்லிவிட்டு விறாந்தைப் பக்கம் அவர் திரும்பக்கூட இல்லை. திரும்பினால் நான் அகப்பட்டுவிடுவேன் என்று அவருக்குத் தெரியும்.

அவர் சொன்னதை ஆபீஸில் நம்பவில்லை. குரல் கொடுத்தது அக்காவேதான், கங்காணியோடு சேர்ந்து நாடகமாடுகிறார் என்றார்கள். ஒருநாளும் பொய் சொல்லாத ஆளைப் பொய்க்காரி என்று சொல்லி, கங்காணியோடு சேர்த்து வேலையிலிருந்து நிறுத்தினார்கள். நான் விறாந்தையில் நின்றுகொண்டிருந்தேன். நாலு எட்டு வைத்தால் உள்ளே போகலாம். போகவில்லை.

மறுநாள் அக்காவின் துண்டை என்னை வெட்டச் சொன்னார்கள். அவர் மரத்தில் நான் கத்தி வைத்தேன். அவர் வெட்டிய இடமெல்லாம் பட்டை காயப்படாமல் நூல் பிடித்த மாதிரி இறங்கியிருந்தது. அன்று நான் எத்தனையோ மரத்தைக் காயப்படுத்திவிட்டேன்.

புதன்கிழமை சுப்பையா கங்காணி மாரியம்மன் கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யப் போவதாகச் சொல்லியனுப்பினார். குரல் கொடுத்த ஆளும் வரட்டும் என்றார். பீலியில் அக்காவிடம் நான் ரகசியமாகச் சொன்னேன். "அது நம்ம கோயில் இல்லியே அக்கா. நான் போகணும்னு இல்லியே." அக்கா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, "அவரு அவர் சாமி முன்னால உண்மையச் சொல்றாரு. நீ நம்ம சாமி முன்னால மறைக்கிற. இதுல எது நம்ம கோயிலு?" என்று கேட்டுவிட்டு நடந்தார். நான் அந்தச் சத்தியத்துக்குப் போகவில்லை. அந்த எட்டு நாளில் அவர் என்னிடம் கடுமையாகப் பேசியது அது ஒன்றுதான். மற்ற நாளில் வழக்கம்போலவே இருந்தார். என் சின்னவளுக்குத் தலை பின்னிவிட்டார். இன்றைக்குச் சொல்கிறாயா, நாளைக்குச் சொல்கிறாயா என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கோபப்படவாவது ஒரு வழி இருந்திருக்கும்.

லயத்தில் அவரைத்தான் திட்டினார்கள். உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வேதக்காரி வேஷம் போட்டுக் கள்ளப்பேர் கொடுத்தவள் என்றார்கள். சாந்தியின் மாமியார் அவர் வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றினாள். சாந்தியைக் கண்டெடுத்ததே அவர்தான். அந்த மண் முற்றத்தில் விழுந்ததை நான் என் காம்பராவின் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாதாந்தப் பூசைக்குச் சாமி வந்தார். பாவசங்கீர்த்தனம் செய்தால் மனம் லேசாகும் என்று நினைத்து வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற அக்கா, திரும்பாமலே சொன்னார். "சாமிகிட்டச் சொன்னா உன் பாவம் போகும். அண்ணனுக்கு வேல வருமா?" சாமியும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார். எடுத்த பொருளைத் திருப்பிக் கொடுப்பது போல, கெடுத்த பேரையும் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றார்.

திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போய்ச் சொன்னேன். காலையில் எழுந்தபோது மறைத்து வைக்கத் தெம்பு இல்லாமல் போயிருந்தது, அவ்வளவுதான். அதைத் தைரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். கங்காணியையும் அக்காவையும் வேலைக்கு எடுத்தார்கள். எனக்கு ஒரு மாதம் வேலை இல்லை, கடைசி எச்சரிக்கை என்று ஒரு கடிதம் தந்தார்கள். காம்பரா போகவில்லை. பயந்த அளவுக்கு நடக்கவில்லை என்பது எனக்கு இன்னும் வெட்கமாக இருந்தது. கங்காணி என்னைக் கூப்பிட்டு, "மொதல்லயே சொல்லியிருக்கலாமே புள்ள" என்றார். அதன் பிறகு பெரட்டில் டோர்ச் அடித்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துத்தான் பேர் போட்டார்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். அன்று பின்னேரம் அக்கா வந்து, "தொரகிட்டச் சொல்லிட்ட. சாந்திகிட்ட?" என்றார்.

"அவ காதுக்கு எப்படியும் போயிடும் அக்கா."

"ஊர் வாயால அவ கேக்கக் கூடாது. எந்திரி."

வாசல்படி வரை கூடவே வந்தார். உள்ளே வரவில்லை.

சாந்தி கட்டிலில் கிடந்தாள், காலில் மாவுக்கட்டு. நான் பேர் சொன்னதையும் பால் ஊற்றியதையும் சொன்னேன். அவள் அழவில்லை. ஒன்று மட்டும் கேட்டாள்.

"எத்தன மணிக்குக்கா பால் வச்சீங்க?"

"பத்தரைக்கு."

"எனக்குக் கேட்டுச்சு. கொட்டகையில வாளி வைக்கிற சத்தம், கங்காணி பேர் கூப்புடுறது எல்லாம் மேல இருந்து கேட்டுச்சு. நான் கத்திப் பாத்தேன், வலியில சத்தம் ஏறல, ஒங்களுக்குக் கேக்கல. சரி, என் பேரக் கூப்புடுவாங்க, பால் இருக்காது, தேடி வருவாங்கன்னு பேசாமப் படுத்துக்கிட்டேன்." போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னாள். "என் பேரக் கூப்புட்டாரு. அதுகூடக் கேட்டுச்சு."

பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மாமியார் என்னைப் போகச் சொன்னாள்.

வெளியே வந்து அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டேன். "பத்தரைக்கே தூக்கியிருந்தாலும் புள்ள தங்கியிருக்காது அக்கா, இல்லியா? தங்கியிருக்காதுன்னு சொல்லுங்க" என்று கெஞ்சினேன். யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். நான் சொல்லியிருப்பேன். "எனக்குத் தெரியாது மேரி" என்றார் அக்கா. அன்று அவர் வீட்டுக்குப் போகவில்லை. என் அடுப்பைப் பற்றவைத்து, பிள்ளைகளுக்குச் சோறு போட்டு, என் பாயின் ஓரத்தில் படுத்துக்கொண்டார். மற்றவர்களின் ஆறுதல் எல்லாம் எனக்கு மறந்துவிட்டது. அந்த "தெரியாது" மட்டும் இத்தனை வருஷமாகக் கூடவே இருக்கிறது.

அது நடந்து ஒன்பது வருஷம். பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. அக்காவுக்கு இரத்தத்தில் சீனி கூடும் வருத்தம் வந்தது, பிறகு மூச்சு முட்டல். ஆஸ்பத்திரியில் அந்தக் கடைசிப் பின்னேரம்தான் நான் கேட்டேன். "அக்கா, எட்டாம் நாளும் நான் வாயத் தொறக்காம இருந்திருந்தா, நீங்க சொல்லியிருப்பீங்களா?"

கண்ணை மூடிக்கொண்டே கிடந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். "ஒம்பதாம் நாள் தொரகிட்டப் போகணும்னுதான் இருந்தேன்" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு, "போயிருப்பேனான்னு தெரியாது. ஒன் ரெண்டு புள்ளைங்களும் கண்ணுக்குள்ள வந்து நின்னுச்சுங்க. அந்தப் பக்கம் அண்ணன் நின்னாரு. எட்டு நாளும் தூக்கமே இல்லடி." பிறகு, "என்னமோ நான் பயப்படாதவன்னு நெனச்சிக்கிட்டிருக்கியா?" என்றார். சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்தது. தண்ணீர் கேட்டார். அதற்குப் பிறகு பேசவில்லை.

அடக்கம் முடிந்து நாலாம் நாள் ரெஜினா குவைத்திலிருந்து எனக்குப் போன் எடுத்தாள். திட்டப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"சித்தி, எல்லாரும் அம்மா கடைசி வரைக்கும் என் பேரையே சொன்னாங்கன்னு சொல்றாங்க. மூச்சு முட்டும்போது அம்மாவுக்குப் பேச்சே வராது, எனக்குத் தெரியாதா? நீங்க சொல்லுங்க. என்னப் பத்தி ஏதாவது பேசினாங்களா?"

"அன்னைக்குப் பேசல ரெஜினா. பழைய வேலக் கதை கொஞ்சம் பேசினோம். தண்ணி கேட்டாங்க, குடுத்தேன்."

"எதுல குடுத்தீங்க?"

"போத்தல் மூடியில. கொஞ்சங் கொஞ்சமா. மூணு மூடி குடிச்சாங்க."

வெகுநேரம் அழுதாள். பிறகு "மூணு மூடி" என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டாள். அடுத்த ஞாயிறும் எடுப்பதாகச் சொல்லி வைத்தாள். எடுத்தாள்.

அக்காவின் ஜெபமாலையை அவளுக்காக எடுத்து வைத்திருக்கிறேன். அக்காவின் சேலைகளை நீங்கள் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டீர்கள், நான் எடுக்கவில்லை. என்னிடம் இருப்பது அந்த எட்டு நாள். என்னைக் காட்டிக் கொடுக்கவும் இல்லாமல், எனக்காக ஒரு பொய் சொல்லவும் இல்லாமல், வேலையையும் நல்ல பேரையும் விட்டுவிட்டு, பயந்துகொண்டே ஒரு மனுஷி எனக்காகக் காத்திருந்தார்.

சாந்தி இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. பேசத்தான் வேண்டும் என்று எந்தக் கட்டளையிலும் இல்லை. அடக்கத்தன்று அவள் காலை இழுத்துக்கொண்டு மேட்டுக் கல்லறை வரைக்கும் ஏறி வந்தாள். என் பக்கத்தில் இடம் இருந்தது. அவள் குழியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் நின்றாள். நான் கூப்பிடவில்லை. காத்திருப்பதை அக்காவிடமிருந்துதான் எடுத்துக்கொண்டேன். அது என்னிடம் இருக்கிறது.